வெறுக்கிறேன் என்ற சொல்

வீரப்பன் செத்த நாற்பத்தொன்றாம் நாள் காலையில் உபதேசியார் மாசிலாமணி புகை வீட்டுக்கு வந்து, உள்ளே நுழையாமல் வாசலிலேயே நின்றார். உள்ளே தேவசகாயம் ரப்பர் தகடுகளை மூங்கில் கம்புகளில் ஒவ்வொன்றாகத் தொங்கவிட்டுக்கொண்டிருந்தான். அடியில் கனிந்துகொண்டிருந்த விறகிலிருந்து எழும் புகை கண்ணை அறுக்கும். புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் ஐந்து நிமிஷம் தாக்குப்பிடிக்க மாட்டார்கள். தேவசகாயத்துக்குப் பதினோரு வருஷப் பழக்கம். அப்படியும் போன மாதம் வரைக்கும் அவன் கண்ணில் தண்ணீர் வழியும். இப்போது அதுவும் வருவதில்லை.

"வெளிய வாடா. பேசணும்."

"இங்கயே சொல்லேன், மாசி."

"எனக்கு மூச்சு முட்டுது லா."

தேவசகாயம் கையிலிருந்த தகட்டை மாட்டிவிட்டு வெளியே வந்தான். இருவருக்கும் முப்பத்துநாலு வயது. மலாயாவில் செலண்டாருக்கும் நியாலாசுக்கும் நடுவிலிருந்த இந்தத் தோட்டத்திலேயே பிறந்தவர்கள். ஒரே ஞாயிற்றுக்கிழமையில் ஞானஸ்நானம் பெற்றவர்கள். மாசிலாமணி ஊழியத்துக்குப் படித்து உபதேசியார் ஆனார். தேவசகாயம் புகை வீட்டுக்கு வந்தான். ஆட்கள் முன்னால் 'உபதேசியாரே' என்பான். தனியாக இருக்கும்போது மாசிதான்.

"நாளைக்கு மூணு மணிக்கு ஆயத்தக் கூட்டம். ஞாயித்துக்கிழமை போதகர் வர்றாரு. மலாக்காவுல இருந்து மிலிட்டரி லாரிங்களோட சேந்து வர்றாரு. அடுத்தவாட்டி எப்ப வருவாரோ, எனக்கே தெரியாது."

"ம்."

"பேரு கொடு, தேவா."

தேவசகாயம் தோட்டத்தைச் சுற்றி இரண்டு வருஷத்துக்கு முன்னால் போட்ட முள்கம்பி வேலியைப் பார்த்தான். வேலிக்கு வெளியே ரப்பர் மரங்கள் வரிசை தப்பாமல் நின்றன. அங்கே பால் எடுத்துக்கொண்டிருந்த பெண்களின் குரல் லேசாகக் கேட்டது.

அந்தத் தோட்டத்தில் வேதக்கார வீடுகள் பதினொன்று. மற்றதெல்லாம் மாரியம்மன் கோயில் கும்பிடுகிற வீடுகள். வேதக்காரர்களுக்குத் தனியாகக் கட்டடம் கிடையாது. தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியின் ஒரே அறைதான் ஞாயிற்றுக்கிழமைகளில் கோயில். அங்கே ஒரு பழக்கம் உண்டு, ஊரிலிருந்து கப்பலேறி வந்த முதல் குடும்பங்கள் கொண்டுவந்தது. திருவிருந்துக்கு முந்தின நாள் எல்லாரும் கூடுவார்கள். உபதேசியார் ஒவ்வொருவரையும் எழுந்து நிற்கச் சொல்லி மூன்று கேள்வி கேட்பார். யாரோடாவது பகை உண்டா? மறைத்து வைத்த பாவம் உண்டா? செய்த பாவத்தைப் பாவம் என்று ஒத்துக்கொண்டு அதை வெறுக்கிறாயா? மூன்றாவது கேள்விக்கு 'வெறுக்கிறேன்' என்று வாய்விட்டுச் சொன்னால்தான் பட்டியலில் பெயர் ஏறும். பெயர் ஏறினவர்களுக்குத்தான் மறுநாள் அப்பமும் திராட்சை ரசமும். சின்னச் சபை. எல்லாருடைய குடும்பமும் எல்லாருக்கும் தெரியும். பெரும்பாலும் அந்தச் சொல்லை மூக்கைச் சொறிந்துகொண்டே சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுவார்கள்.

ஒன்றரை வருஷமாகத் தேவசகாயம் அந்தப் பட்டியலில் இல்லை.

"இனிமே விடறதுக்கு உங்கிட்ட என்ன இருக்கு?" என்றார் மாசிலாமணி. சொன்ன பிறகுதான் அது எப்படி விழுந்தது என்று அவருக்குத் தெரிந்தது. "தப்பா எடுத்துக்காதடா. மூப்பர்கிட்ட பேசிட்டேன். மொதல்ல, 'விட்டுட்டேன்'னு சபைக்கு முன்னாடி சொல்லணும்னாரு. நான்தான், அவன் எங்க விட்டான், அதுவே போயிடுச்சே, அந்த வார்த்தை வேணாம்னு சொல்லி எடுத்துட்டேன். சாவு வீட்டுல நீ கோடி போட்டதையும் பேச மாட்டாங்க. எல்லாரையும் கேக்கற மூணு கேள்விதான் உனக்கும். எல்லாரும் சொல்றதைத்தான் நீயும் சொல்லப்போற."

"எல்லாரும் எதைச் சொல்றாங்களோ, அது வேற."

"நீ வேற என்னடா! குஞ்சம்மா பக்கத்து வீட்டுக் கோழியை அடிச்சுத் தின்னுட்டு வெறுக்கிறேங்குது. அது வெறுத்துச்சா? அடுத்த மாசமே இன்னொரு கோழியக் காணோம்."

வேறு நாளாக இருந்தால் தேவசகாயம் சிரித்திருப்பான். சிரிக்கவேண்டிய இடம் இது என்று அவனுக்குத் தெரிந்தது. உதட்டை அசைத்துக்கூடப் பார்த்தான்.

"உன் கையில என்னடா?" என்றார் மாசிலாமணி திடீரென்று.

முழங்கைக்குக் கீழே ஒரு தீக்காயம். தோல் உரிந்து சிவந்திருந்தது. எப்போது பட்டது என்று தேவசகாயத்துக்குத் தெரியவில்லை. நேற்றாக இருக்கலாம். அதை யாரோ வேறொருவருடைய கையைப் பார்ப்பதுபோலப் பார்த்தான்.

"வர்றேன்," என்றான். "நாளைக்கு வர்றேன். சொல்லுவேனான்னு தெரியலை."

* * *

எல்லாம் ஒரு வீட்டு அட்டையில் ஆரம்பித்தது.

கம்யூனிஸ்டுகளை ஒடுக்க அவசரகாலம் வந்து, காட்டில் பதுங்கியிருந்த அவர்களுடைய ஆட்கள் இறங்கி வந்து கூலிகளின் லயத்து வீடுகளில் அரிசி வாங்கிப்போகிறார்கள் என்று அரசாங்கத்துக்குச் சந்தேகம் வந்தபோது, தோட்டத்தின் நான்கு மூலைகளில் சிதறிக்கிடந்த லயங்களை எல்லாம் பிரித்து ஒரே இடத்தில் கட்டினார்கள். சுற்றிலும் முள்கம்பி போட்டார்கள். வாசலில் ஸ்பெஷல் கான்ஸ்டபிள்களை நிறுத்தினார்கள். ஒரு பிடி சோறுகூட வெளியே போகக்கூடாது. ஒவ்வொரு வீட்டிலும் யார் யார் இருக்கிறார்கள் என்று எழுதிய அட்டை கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கவேண்டும். போலீஸ் வந்து ஆள் எண்ணும்போது அட்டையில் இருப்பதும் வீட்டில் இருப்பதும் ஒன்றாக இருக்கவேண்டும்.

தனி ஆண்களை அறைக்கு ஆறு பேராக அடைத்தார்கள். குடும்பமாக இருந்தால்தான் தனி வீடு. வீரப்பனும் தேவசகாயமும் பழைய லயத்தின் கடைசி அறையில் ஐந்து வருஷமாக ஒன்றாக இருந்தவர்கள். வீரப்பனின் அப்பா ஜப்பான்காரன் காலத்தில் சயாம் ரயில்பாதைக்குப் போய்த் திரும்பவில்லை. அம்மா அந்த ஏக்கத்திலேயே போய்விட்டாள். தேவசகாயத்துக்கும் யாரும் இல்லை. ஒண்டிக்கட்டைகள் இரண்டு பேர் ஒன்றாகப் பொங்கித் தின்கிறார்கள் என்றுதான் லயம் நினைத்தது. அல்லது அப்படி நினைத்துக்கொள்வது லயத்துக்கு வசதியாக இருந்தது.

அட்டை எழுத வந்த தோட்டத்து ஆபீஸ் கிராணி கந்தசாமி, பேனாவைப் பிடித்துக்கொண்டு, "ரெண்டு பேரும் என்ன உறவு?" என்று கேட்டார்.

தேவசகாயம் வாயைத் திறக்கவில்லை. அண்ணன் தம்பி என்று சொன்னால் அது பொய். ஒருவன் வேதக்காரன், ஒருவன் நெற்றியில் திருநீறு. பொய் என்று பார்த்தாலே தெரியும். சிநேகிதன் என்றால் தனி அறை கிடையாது. அவன் நின்ற நிலையைப் பார்த்து வீரப்பன் முந்திக்கொண்டான்.

"மச்சான்னு எழுதுங்க, கிராணி."

"யாருக்கு யாரு மச்சான்?"

"எனக்கு அவரு மச்சான், அவருக்கு நான் மச்சான். முறைன்னா அப்படித்தானே? எழுதுங்க லா, பின்னால எத்தனை பேரு நிக்கறாங்க."

கந்தசாமி சிரித்துக்கொண்டே எழுதினார். அவருக்கு அன்றைக்கு அறுபது வீடு எழுதவேண்டியிருந்தது.

வீட்டுக்குள் அட்டையை மாட்டிவிட்டு வீரப்பன் எட்டி நின்று அதைப் பார்த்தான். "கவருமெண்டே கல்யாணம் பண்ணி வச்சிடுச்சுடா," என்றான். தேவசகாயம் அவன் வாயைப் பொத்தினான். பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம் மீனம்மா குடும்பம் இருந்தது.

இந்துக்காரர்கள் யாரும் அந்தச் சொல்லைத் துருவவில்லை. முறை சொல்லிக் கூப்பிட்டுக்கொள்வது தோட்டத்தில் சகஜம். வேதக்காரர்கள் விஷயம் அப்படி இல்லை. அவர்களிடம் ஞானஸ்நானப் பதிவேடு இருந்தது. யாருக்கு எத்தனை பிள்ளை, யார் செத்தது, யார் பிழைத்தது, எல்லாம் அதில் உண்டு. வீட்டு ஜெபத்துக்கு வந்த மூப்பர் நல்லமுத்து, ஜெபம் முடிந்து கண்ணைத் திறந்தபோது கதவுக்குப் பின்னால் அட்டையைப் பார்த்தார். எழுத்துக் கூட்டி நிதானமாகப் படித்தார்.

"தேவசகாயம், உனக்குத் தங்கச்சி ஏது?"

யாரோ சிரித்தார்கள். மூப்பர் சிரிக்கவில்லை. அவர் மண்டோர், பால் வெட்டும் காட்டில் ஆட்களை மேய்க்கிறவர். ஒரு மனிதன் எங்கே தடுமாறுகிறான் என்பது அவருக்குத் தெரியும்.

"அந்தப் பையனுக்கும் கூடப் பொறந்தது கிடையாது. அப்ப எந்தப் பக்கத்துல மச்சான்?"

சும்மா முறைக்குச் சொன்னது என்று சொல்லியிருக்கலாம். எல்லாரும் நம்பியிருப்பார்கள், அல்லது நம்பியதாக எழுந்து போயிருப்பார்கள். தேவசகாயம் அப்போதுதான் ஜெபம் பண்ணிவிட்டு எழுந்திருந்தான். முழங்காலில் பாயின் தடம் இன்னும் இருந்தது. அந்தத் தடத்தோடு பொய் சொல்ல அவனால் முடியவில்லை.

"அவன் உனக்கு என்ன?" என்று மூப்பர் மறுபடி கேட்டார். இந்தத் தடவை குரல் தணிந்திருந்தது. வேண்டாம், சொல்லாதே என்று கேட்பதுபோலக்கூட இருந்தது.

"நீங்க நினைக்கறதுதான், மூப்பரே."

அடுத்த வாரம் சபை கூடி அவனைத் திருவிருந்திலிருந்து நிறுத்திவைத்தது. பெயர் சபையில் இருக்கும். பாவத்தை விட்டு வந்து வெறுக்கிறேன் என்று சொன்னால் சேர்த்துக்கொள்வார்கள். அவன் தலையாட்டினான். அநியாயம் என்று அவனுக்குத் தோன்றவில்லை. சட்டம் அப்படித்தான். அவன் சிறுவயதில் மனப்பாடம் பண்ணின சட்டம்தான். கடைசிப் பெஞ்சுக்கு மாறிக்கொண்டான். ஒரு ஞாயிற்றுக்கிழமையும் தவறவில்லை. போக வேண்டாம் என்று அவன் படுத்துக்கிடந்த நாட்களில் வீரப்பன்தான் காலால் எத்தி எழுப்புவான்.

"எந்திரிடா. உன் சாமி காத்துக்கிட்டு இருக்கும்."

கோயில் வரைக்கும் கூடவே வந்து, வெளியே மரத்தடியில் குந்திக்கொண்டு பீடி குடிப்பான். பாட்டு பிடித்திருந்தால் தலையாட்டுவான். வரும் வழியில் ஒரு தடவை கேட்டான்:

"அந்த ஒரு வார்த்தையைச் சொல்லிட்டு உள்ள போயேன்டா. வெறுக்கிறேன்னு நீ சொன்னா நான் செத்தா போயிடுவேன்?"

தேவசகாயம் சொல்லவில்லை. ஆனாலும் வீரப்பன் செத்துப்போனான்.

* * *

சாவு பெரிய சாவு இல்லை. காட்டு ஆட்கள் சுடவில்லை. வீரப்பன் தோட்டத்து லாரியில் உதவியாளாகப் போய்க்கொண்டிருந்தான். காய்ந்த தகடுகளை ஏற்றிக்கொண்டு ஜாசின் பக்கம் போகும்போது ஒரு வளைவில் மரம் குறுக்கே கிடந்தது. அந்தக் காலத்தில் ரோட்டில் மரம் கிடந்தால் டிரைவருக்கு ஒன்றுதான் தோன்றும்: அதற்குப் பின்னால் துப்பாக்கி இருக்கிறது. லாரி ஓட்டிய தம்புசாமி பிரேக்கைத் தொடவில்லை. சுற்றிக்கொண்டு போகலாம் என்று ஒடித்தான். லாரி பள்ளத்தில் உருண்டது. பிறகு போலீஸ் வந்து பார்த்தபோது அது முந்தின நாள் காற்றில் விழுந்த மரம். வேர் பிடுங்கிக்கொண்டு கிடந்தது. யாரும் வெட்டவில்லை.

"மரம்னு தெரிஞ்சிருந்தா பிரேக் போட்டிருப்பேன், மச்சான்," என்று கட்டுப்போட்ட கையோடு தம்புசாமி பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தான். எல்லாரையும் மச்சான் என்பான்.

பிணம் வந்தபோது மாரியம்மன் கோயில் ஆட்கள்தான் காரியத்தை எடுத்துக்கொண்டார்கள். மச்சான் முறைக்காரன் கோடித் துணி போடவேண்டும். யார் போடுவது என்று பேச்சு வந்தது. மீனம்மா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள்.

"யாரு போடறதுன்னு என்ன பேச்சு? அட்டையில எழுதியிருக்குல்ல, மச்சான்னு. நீ போடுப்பா."

"அவரு வேதக்காரரு, அக்கா," என்றான் ஒருவன்.

"இருந்தா என்ன? செத்தவனா வந்து கேக்கப்போறான்?"

பின்னால் யாரோ எதையோ சொல்ல, இரண்டு பேர் அடக்கிச் சிரித்தது கேட்டது. தேவசகாயம் திரும்பவில்லை. மடிப்புக் கலையாத வெள்ளைத் துணியைப் பிரித்து வீரப்பன்மேல் போர்த்தினான். முகத்தில் அடி இல்லை. வலது காதோரம் மட்டும் கொஞ்சம் மண் ஒட்டியிருந்தது. அதைத் துடைத்தான். எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்ததால் ஒரு தடவைதான் துடைத்தான். அழுகை வரும் என்று காத்திருந்தான். வரவில்லை. சுடுகாட்டிலிருந்து திரும்பும்போதும் வரவில்லை. ஒரு வாரம் கழித்துக் கந்தசாமி வந்து அட்டையில் ஒரு பெயரின்மேல் கோடு போட்டுவிட்டுப் போனபோதும் வரவில்லை.

சாவு முடிந்த மறுநாளிலிருந்து தேவசகாயம் ஒரு காரியம் செய்தான். விடிகாலையில் வேலைக்கு ஆள் எண்ணும் மணி அடிக்குமுன் பாயை விரித்து முழங்கால் போட்டு, ஆண்டவரே, எனக்கு வெறுப்பைக் கொடும் என்று கேட்டான். உண்மையாகவே கேட்டான். வெறுப்பு வந்துவிட்டால் எல்லாம் சுலபம். உள்ளே போகலாம். முன்னால் உட்காரலாம். அம்மா சாகும்போது கையில் அப்பம் வாங்கிய அந்தத் திருவிருந்தில் தானும் இருக்கலாம். தாகமாக இருந்தது, சபையின் நடுவில் உட்கார்ந்திருந்த நாட்களுக்காக அவனுக்குத் தாகமாக இருந்தது. ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தான். சேர்ந்து தின்ற கருவாட்டுக் குழம்பு. காய்ச்சலில் ஈரத்துணி போட்ட கை. பலகைச் சுவர் கேட்காதபடி பேசின பேச்சு. பாய். இவற்றில் எது அசிங்கம் என்று தேடினான். ஒவ்வொன்றையும் எடுத்துத் தூக்கிப் பார்த்து வெறுக்க முயன்றான். கை மரத்துப்போனவன் கல்லைத் தூக்குகிற மாதிரி இருந்தது. கனம் தெரிந்தது, வேறு எதுவும் தெரியவில்லை.

* * *

சனிக்கிழமை மூன்று மணிக்குப் பள்ளிக்கூட அறையில் பதினெட்டுப் பேர் இருந்தார்கள். ஊரடங்குக்கு முன் முடித்துவிட வேண்டும் என்பதால் உபதேசியார் சுருக்கமாக ஜெபித்தார். கரும்பலகையில் வெள்ளிக்கிழமைக் கணக்கு அழிக்காமல் கிடந்தது. மேஜைமேல் பட்டியல் எழுதும் நோட்டு. மூப்பர் நல்லமுத்து பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

ஒவ்வொருவராக எழுந்தார்கள். மூன்று கேள்வி, மூன்று பதில். குஞ்சம்மா முறை வந்தபோது, "யாரோடயும் பகை கெடையாது, அந்த மீனம்மாவைத் தவிர," என்றாள். அவளைச் சமாதானப்படுத்தவே ஐந்து நிமிஷம் ஆயிற்று. "கோழியை விடு, நீ கோழியைப் பத்திப் பேசாத," என்று பின்னாலிருந்து ஒரு குரல். மாசிலாமணி மேஜையைத் தட்டினார்.

கடைசியாக, "தேவசகாயம்," என்றார்.

அவன் கடைசிப் பெஞ்சிலிருந்து எழுந்து நின்றான். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. எல்லாருடைய பிடரியும் அவனைப் பார்த்தது.

"யாரோடாவது பகை உண்டா?"

"இல்லை."

"மறைத்து வைத்த பாவம் உண்டா?"

"இல்லை. எல்லாருக்கும் தெரியும்."

மாசிலாமணி நோட்டைப் பார்த்துக்கொண்டே மூன்றாவது கேள்வியைக் கேட்டார். பேனா ஏற்கெனவே தாளில் பட்டிருந்தது. தே என்று எழுத ஆரம்பித்திருக்கவேண்டும்.

தேவசகாயம் நின்றான். வெளியே வேலியோரம் ஒரு கான்ஸ்டபிள் யாரையோ மலாயில் கூப்பிட்டான். பதில் கிடைக்காமல் இன்னொரு தடவை கூப்பிட்டான். அறையில் யாரோ இருமினார்கள். நேரம் போய்க்கொண்டிருந்தது. சொல் வாய்க்குள்தான் இருந்தது. ஆறே எழுத்து. அதற்கு எடையும் இல்லை, சுவையும் இல்லை. சொல்லிவிட்டால் யாருக்கும் ஒன்றும் ஆகிவிடாது. செத்தவனுக்குக் கேட்காது. வேண்டியவனே சொல்லச் சொல்லிவிட்டுத்தான் போயிருந்தான்.

"உபதேசியாரே," என்றான். "எனக்கு வெறுக்க வரலை."

மாசிலாமணி தலை நிமிர்ந்தார். கண்ணால் ஏதோ சொன்னார். மூப்பர் நாற்காலியில் நகர்ந்தார்.

"வரலையா, மனசில்லையா?"

"கேட்டுப் பாத்தேன், மூப்பரே. நாப்பது நாளாக் கேட்டேன். தெனமும் முழங்கால் போட்டு, வெறுப்பைக் கொடுன்னு கேட்டேன். ஆண்டவர் கொடுக்கலை."

"அவரு கொடுக்கலைன்னா நீ சரியாக் கேக்கலைன்னு அர்த்தம்."

"இருக்கலாம். ஆனா இப்ப எங்கிட்ட அது இல்லை. இல்லாததை இருக்குன்னு சொல்லிட்டு நாளைக்கு அந்த அப்பத்தைக் கையில வாங்க எனக்குப் பயமா இருக்கு."

"செத்தவனுக்காகப் போய் ஆத்துமாவை விடறியே. அவன்தான் மண்ணாப் போயிட்டானே."

"அவனுக்காக இல்லை, மூப்பரே. அவருக்குப் பொய்யின்னு தெரிஞ்சுடும்."

யாரைச் சொல்கிறான் என்று எல்லாருக்கும் புரிந்தது. மூப்பர் தன் கைகளைப் பார்த்தார். பாலும் மரப்பட்டையும் பட்டுக் கறுத்த கைகள்.

"ஒன்றரை வருஷம் பொறுத்தாச்சு," என்றார். குரலில் கோபம் இல்லை, களைப்பு இருந்தது. "இதுக்கு மேல பேரை வச்சிருக்க முடியாது. சபைச் சட்டம். எடுத்துடுவோம்."

"எடுத்துக்கங்க."

"எடுத்த பிறகு நீ இந்தச் சபைக்காரன் இல்லை. தெரியும்ல?"

"தெரியும். ஞாயித்துக்கிழமை வரலாமா?"

மூப்பர் நிமிர்ந்து பார்த்தார். "எதுக்கு வரணும்?"

"வேற எங்க போறது? எனக்கு வேற சாமி தெரியாதே."

மாசிலாமணி பேனாவின் மூடியைத் தேடினார். அது நோட்டுக்குள்ளேயே இருந்தது. மூடிவிட்டு, "ஜெபிப்போம்," என்றார். எல்லாரும் கண்ணை மூடினார்கள். தேவசகாயமும் மூடினான்.

* * *

ஞாயிற்றுக்கிழமை போதகர் ஒன்பது மணிக்கு வந்தார். வாசலில் அவருடைய பையைத் திறந்து பார்த்தார்கள். ரசப் புட்டியை மோந்து பார்த்த கான்ஸ்டபிள் முகத்தைச் சுளித்து, "மருந்தா, சாராயமா?" என்று கேட்டான். "உங்களுக்கு எப்படி வேணுமோ அப்படி எழுதிக்கங்க," என்று சொல்லிவிட்டு மாசிலாமணி அவரை அழைத்துவந்தார். அப்பத்தை மாசிலாமணி வீட்டில்தான் சுட்டிருந்தார்கள், பட்டியலில் உள்ள பேருக்கு ஒரு துண்டு வீதம். மீந்தால் வெளியே கொண்டுபோக முடியாது. எந்தச் சாப்பாடும் வேலியைத் தாண்டக்கூடாது.

பாட்டுகள் நடந்தன. தேவசகாயம் கடைசிப் பெஞ்சில் நின்று பாடினான். குரல் வந்தது. சொற்கள் பழக்கத்தில் தாமாகவே வந்தன. பிரசங்கம் முடிந்தது. உபதேசியார் பட்டியலைப் படித்தார். பதினேழு பெயர். ஒவ்வொருவராக எழுந்து முன்னால் போய் வரிசையாக முழங்கால் போட்டார்கள். பெஞ்சுகள் காலியாகி அவன் மட்டும் மிஞ்சினான். ஒன்றரை வருஷமாக இப்படித்தான் இருந்தது. ஆனால் அப்போது நிறுத்திவைக்கப்பட்டவன் உட்கார்ந்திருந்தான். இன்றைக்கு உட்கார்ந்திருந்தவனுக்குப் பெயர் இல்லை. வித்தியாசம் ஏதாவது தெரிகிறதா என்று தனக்குள் தடவிப் பார்த்தான். தெரியவில்லை. அவர்கள் குனிந்தபோது அவனும் இருந்த இடத்திலேயே முழங்கால் போட்டான். எதையும் கேட்கவில்லை. நாற்பது நாளில் முதல் தடவையாக எதையும் கேட்காமல் இருந்தான். அவனும் பேசவில்லை, அந்தப் பக்கமும் பேசவில்லை. அது நீண்டுகொண்டே போனது. முடியவேண்டும் என்று அவனுக்குத் தோன்றவில்லை.

ஆராதனை முடிந்து போதகர் அங்கியை மடித்துக்கொண்டிருந்தார். பட்டாள லாரி புறப்பட நேரமாகிவிட்டது. அவர் கடைசிப் பெஞ்சைக் காட்டி, "அவர் யாரு? முன்னால வரலியே?" என்று கேட்டார்.

மாசிலாமணி பாத்திரத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். மூப்பர் பக்கத்திலேயே நின்றார்.

"எங்க சபைக்காரர்தான், ஐயா," என்றார் மாசிலாமணி.

"பட்டியல்ல பேரு இல்லையே."

"இல்லை, ஐயா."

போதகர் மூப்பரைப் பார்த்தார். மூப்பர் மறுக்கவில்லை. வாசலில் லாரி ஹாரன் அடித்தது. போதகர் பையை எடுத்துக்கொண்டு வேகமாக நடந்தார்.

அந்தப் பேச்சு தேவசகாயத்தின் காதில் விழுந்தது. உள்ளே ஏதாவது அசையும் என்று ஒரு நிமிஷம் காத்திருந்தான். பிறகு காத்திருப்பதை விட்டுவிட்டு எழுந்தான். திங்கட்கிழமைப் பிள்ளைகளுக்காகப் பெஞ்சுகளைக் கரும்பலகைப் பக்கம் திருப்பிப் போடவேண்டும். இல்லாவிட்டால் வாத்தியார் சத்தம் போடுவார். கனமான பெஞ்சுகள். ஒரு ஆளால் தூக்க முடியாது. ஒரு முனையைத் தூக்கி இழுத்தான். கால் தரையில் கீச்சிட்டது.

மறுமுனை மேலே எழுந்தது. மூப்பர் நல்லமுத்து வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அதைப் பிடித்திருந்தார். அவன் முகத்தை அவர் பார்க்கவில்லை.

"அந்தப் பக்கத்துக் கால் ஆடுது," என்றார். "பாத்துத் தூக்கு."